அமெரிக்காவில் யூனியன் எலக்ட்ரீஷியன் ஆக விரும்புகிறவருக்கு

அமெரிக்காவில் எலக்ட்ரீஷியன் வேலைக்குப் போக இரண்டு வழி. ஒரு கான்ட்ராக்டரிடம் நேரடியாகச் சேர்ந்துவிடலாம். அல்லது யூனியன் வழியாக, அது அனுப்பும் கான்ட்ராக்டரிடம் வேலை பார்க்கலாம். இந்தக் கட்டுரை இரண்டாவது வழிக்கு.

யூனியன் என்றால் நமக்கு ஆலை வாசலில் கொடியும் கோஷமும்தான் ஞாபகம் வரும். இங்கே கட்டுமானத் தொழிலில் யூனியன் செய்யும் வேலை வேறு. ஆள் கேட்கும் கான்ட்ராக்டருக்கு ஆள் அனுப்புகிறது, சம்பளம் பேசி ஒப்பந்தம் போடுகிறது, கான்ட்ராக்டர்களோடு சேர்ந்து பயிற்சிப் பள்ளியும் மருத்துவக் காப்பீடும் பென்ஷனும் நடத்துகிறது. உங்களுக்குச் சம்பளம் தருவது கான்ட்ராக்டர்தான், ஆனால் அவர் நிரந்தரமில்லை. ஒரு மருத்துவமனைக் கட்டடம் முடிந்தால் அவரிடம் வேலை முடிந்தது. அடுத்து வேறொருவரிடம் இருப்பீர்கள். சம்பள விகிதமும் காப்பீடும் பென்ஷனும் கூடவே வரும். புதிதாக வருகிறவர்கள் குழம்புவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். "எந்தக் கம்பெனியில வேலை?" என்று ஊரிலிருந்து மாமா கேட்டால் ஒரு பெயரைச் சொல்லிவிட முடியாது.

யூனியனின் முழுப் பெயர் இன்டர்நேஷனல் பிரதர்ஹுட் ஆஃப் எலெக்ட்ரிகல் ஒர்க்கர்ஸ், சுருக்கமாக ஐ.பி.இ.டபிள்யூ. 1891இல் செயின்ட் லூயிஸ் நகரில் பத்துப் பேர் கூடித் தொடங்கினார்கள். முதல் தலைவர் ஹென்றி மில்லர் ஒரு லைன்மேன். 1896இல் வாஷிங்டனில் கம்பத்தில் ஏறி வேலை செய்துகொண்டிருந்தபோது ஷாக் அடித்து விழுந்து இறந்தார். இன்றைக்கும் இவர்கள் பேச்சில் பாதுகாப்பும் பயிற்சியும் முன்னால் வந்து நிற்பதில் ஆச்சரியமில்லை. மறுபக்கம் கான்ட்ராக்டர்களின் சங்கம் நெக்கா, 1901இல் தொடங்கியது. இரண்டு தரப்பும் சேர்ந்து ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒரு பயிற்சிக் குழு நடத்துகின்றன. அதை ஜே.ஏ.டி.சி. என்பார்கள். அப்ரெண்டிஸாக, அதாவது வேலை பார்த்துக்கொண்டே தொழில் கற்பவராகச் சேர நீங்கள் போக வேண்டிய இடம் இந்தக் குழுவின் அலுவலகம்.

முதலில் உங்கள் பேப்பர்கள்

வேலை செய்யும் அனுமதி இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. குடியுரிமை, கிரீன் கார்டு, அல்லது எந்த முதலாளியிடமும் வேலை பார்க்கலாம் என்ற இ.ஏ.டி. அட்டை வேண்டும். எச்-1பி விசா உங்களை ஸ்பான்சர் செய்த கம்பெனியோடு கட்டிப்போட்டிருக்கிறது. அதை வைத்துக்கொண்டு அப்ரெண்டிஸாக முடியாது. எச்-1பிகாரரின் துணைவர் எச்-4 இ.ஏ.டி. வைத்திருந்தால் அவருக்கு வழி உண்டு, ஆனால் பயிற்சி ஐந்து வருடம் என்பதால் இடையில் அட்டை காலாவதியானால் என்ன செய்வது என்று யோசித்துவிட்டுத் தொடங்குங்கள். இந்தப் பயிற்சிக்காக விசா வாங்கித் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் அது ஏமாற்று வேலை.

அடுத்து அடிப்படைத் தகுதி. வயது 18, பள்ளிப் படிப்பு முடித்த சான்றிதழ் அல்லது அதற்கு ஈடான ஜி.இ.டி., பள்ளியில் ஒரு வருடம் அல்ஜீப்ரா படித்துத் தேறியதற்கு ஆதாரம். இந்த மூன்றும் ஏறக்குறைய எல்லா இடத்திலும் கேட்பார்கள். டிரைவிங் லைசென்ஸ், போதைப்பொருள் பரிசோதனை ஆகியவையும் வழக்கம். இந்தியாவில் படித்தவர்களுக்குச் சிக்கல் வருவது அல்ஜீப்ராவில். நம் மார்க் ஷீட்டில் "கணிதம்" என்று மட்டும்தான் இருக்கும். சான்றிதழை மதிப்பீட்டு நிறுவனம் ஒன்றிடம் கொடுத்து, பாடம் வாரியாக மதிப்பீடு வாங்குங்கள். அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் ஒரு செமஸ்டர் அல்ஜீப்ரா எடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. பயிற்சிக் குழுக்களே ஏற்கும் இணையவழிக் கணிதப் பாடமும் ஒன்று உண்டு. எதை ஏற்பார்கள் என்று போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

இ.இ.இ. பட்டதாரிகளுக்கு ஒரு வார்த்தை. பட்டம் இருப்பதால் நேராக மூன்றாம் வருடத்தில் உட்கார வைக்க மாட்டார்கள். நம் ஊர் ஒயர்மேன் லைசென்ஸும் இங்கே செல்லாது. அனுபவத்துக்கு ஆதாரம் காட்டினால் சில இடங்களில் கொஞ்சம் மேலே வைப்பார்கள், அவ்வளவுதான். கீழிருந்து தொடங்க மனம் ஒப்பவில்லை என்றால் இப்போதே விட்டுவிடுவது நல்லது.

எந்தப் பிரிவு?

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் ஒரே எலக்ட்ரீஷியன்தான். உள்ளே நான்கு தனித்தனிப் பாதைகள் இருக்கின்றன. இன்சைட் ஒயர்மேன் என்பது அலுவலகம், மருத்துவமனை, தொழிற்சாலை, டேட்டா சென்டர் போன்ற கட்டடங்களில். பயிற்சி ஐந்து வருடம், குறைந்தது 8,000 மணி நேர வேலையும் 900 மணி நேர வகுப்பும். அவுட்சைட் லைன்மேன் என்பது கம்பம், டவர், சப்ஸ்டேஷன். மூன்றரை வருடம், 7,000 மணி நேரம். ரெசிடென்ஷியல் என்பது வீடுகள், மூன்று வருடம். நான்காவது டெலிகாம், அதாவது நெட்வொர்க் கேபிள், தீ அலாரம், கேமரா வகையறா. அதுவும் ஏறத்தாழ மூன்று வருடம்.

லைன்மேனுக்குச் சம்பளம் அதிகம். புயல் அடித்தால் ஓவர்டைம் கொட்டும், குடும்பத்தைப் பார்ப்பதுதான் அரிதாகிவிடும். குடும்பத்தோடு ஒரே ஊரில் இருக்க வேண்டும், பெரிய வேலைகளையும் கற்றுக்கொள்ள வேண்டும் என்பவருக்கு இன்சைட்தான் சரி. கீழே சொல்வதெல்லாம் அதை வைத்துத்தான்.

லோக்கலைக் கண்டுபிடித்து விண்ணப்பிக்க

யூனியன் வட்டார வாரியாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொன்றும் ஒரு லோக்கல், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். நியூயார்க் நகரம் லோக்கல் 3. எடிசன் பக்கம் இருப்பவர்களுக்கு நியூ பிரன்ஸ்விக்கின் 456. சிகாகோவுக்கு 134, சான் ஹோசேவுக்கு 332, டல்லாஸுக்கு 20, வாஷிங்டனுக்கும் வட வர்ஜீனியாவுக்கும் 26. எலெக்ட்ரிகல் டிரெய்னிங் அலயன்ஸ் என்ற தேசியப் பயிற்சி அமைப்பின் இணையதளத்தில் உங்கள் வட்டாரப் பயிற்சி மையத்தைத் தேடலாம்.

விண்ணப்பம் சில இடங்களில் வருடம் முழுக்கத் திறந்திருக்கும். சில இடங்களில் வருடத்துக்குச் சில நாட்கள்தான். அந்தச் சில நாட்களைத் தவறவிட்டால் அடுத்த முறை வரை காத்திருக்க வேண்டியதுதான். பக்கத்தில் இரண்டு மூன்று லோக்கல்கள் இருந்தால் எல்லாவற்றிலும் போடுங்கள். கட்டணம் சொற்பம்.

ஒரு விஷயத்தில் உறுதியாகச் சொல்வேன். யூனியன் பயிற்சிக்கு விண்ணப்பிப்பதற்கு முன்பே கடன் வாங்கித் தனியார் டிரேட் ஸ்கூலில் சேராதீர்கள். அதே பாடத்தைச் சம்பளம் வாங்கிக்கொண்டே கற்கும் வாய்ப்பு இருக்கும்போது அது வீண்செலவு.

எழுத்துத் தேர்வு

இரண்டு பகுதிகள். அல்ஜீப்ராவில் 33 கேள்விகளுக்கு 46 நிமிடம், வாசிப்பில் 36 கேள்விகளுக்கு 51 நிமிடம் என்பது நீண்ட காலமாக இருந்துவரும் அமைப்பு. 1 முதல் 9 வரை மதிப்பெண். 4 வாங்கினால் நேர்காணலுக்குக் கூப்பிடத் தகுதி. தவறினால் பொதுவாக ஆறு மாதம் கழித்துத்தான் மறுபடி எழுத முடியும்.

கணக்கில் சமன்பாடுகள், சார்புகள், வரைபடம், எண் தொடர் எல்லாம் வரும். 2, 5, 11, 23, அடுத்தது என்ன என்பது போல. (47. இரட்டித்து ஒன்று கூட்ட வேண்டும்.) ஒன்பதாம், பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைத் தூசி தட்டினால் போதும், ஆனால் கால்குலேட்டர் இல்லாமல் பழகுங்கள், பின்னத்தைக் கையால் போட்டுப் பல வருடம் ஆகியிருக்கும். நம்மவர்கள் தடுமாறுவது இரண்டாம் பகுதியில். பத்தியில் சொல்லியிருப்பதை மட்டும் வைத்துப் பதில் சொல்ல வேண்டும், நமக்குத் தெரிந்ததை உள்ளே கொண்டுவரக் கூடாது. மின்சாரம் பற்றி ஒரு பத்தி வந்தால் நான் படித்திருக்கிறேனே என்று வேகமாகக் குறித்துவிட்டு மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு.

நேர்காணல்

எதிரே சிலர் உட்கார்ந்திருப்பார்கள்; யூனியன் தரப்பு பாதி, கான்ட்ராக்டர் தரப்பு பாதி. கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதில் கிடைக்கும் மதிப்பெண்தான் உங்களைத் தரவரிசையில் எங்கே வைப்பது என்று தீர்மானிக்கும். எழுத்துத் தேர்வு உள்ளே விடும் வாசல் மட்டுமே.

மின்சாரத்தைப் பற்றி அதிகம் கேட்க மாட்டார்கள். கையால் செய்த வேலை ஏதாவது சொல்லுங்கள், சக ஊழியரோடு தகராறு வந்தால் என்ன செய்தீர்கள், உயரத்தில் நிற்க முடியுமா, குளிரில் நிற்க முடியுமா, காலை ஆறு மணிக்கு வந்து நிற்க முடியுமா, இப்படித்தான் இருக்கும். நம் பழக்கம் பட்டங்களையும் மார்க்கையும் அடுக்குவது. அது இங்கே எதிர்விளைவைத் தரும்: "அப்படியென்றால் ஆபீஸ் வேலையை விட்டு ஏன் வருகிறீர்கள்?" இந்தக் கேள்விக்கு ஒரு நேர்மையான பதில் தயாராக இருக்கட்டும். இன்னொன்று, தன்னடக்கத்தால் "நாங்கள் செய்தோம்" என்று சொல்லிப் பழகியிருப்போம். "நான் செய்தேன், இப்படிச் செய்தேன்" என்று சொல்லுங்கள். அப்பாவோடு மோட்டாரைக் கழற்றி மாட்டியது, வீட்டில் டைல்ஸ் ஒட்டியது, காரில் பிரேக் பேட் மாற்றியது எல்லாமே கணக்கில் வரும். பயிற்சி முடிந்ததும் சொந்தக் கம்பெனி வைப்பேன் என்ற கனவை மட்டும் அன்றைக்கு வெளியே விட்டுவிட்டுப் போங்கள்.

நேர்காணல் முடிந்து வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ காத்திருக்க நேரிடும். பட்டியலில் உங்கள் பெயர் வழக்கமாக இரண்டு வருடம் உயிரோடு இருக்கும். அதற்குள் கூப்பிடவில்லை என்றால் மறுபடி முதலிலிருந்து. காத்திருக்கும் காலத்தில் சும்மா இருக்காதீர்கள். மெட்டீரியல் ஹேண்ட்லர், கன்ஸ்ட்ரக்ஷன் ஒயர்மேன் என்று கற்றுக்குட்டி வேலைகள் சில லோக்கல்களில் உண்டு. ஓஷா 10 என்ற பணியிடப் பாதுகாப்பு வகுப்பை முடித்து வையுங்கள். புதிய அனுபவத்தைக் காட்டினால் மறு நேர்காணல் தரும் குழுக்களும் இருக்கின்றன.

முதல் நாள்

கைக்கருவிகள் உங்கள் பொறுப்பு, பவர் டூல்ஸ் கான்ட்ராக்டர் பொறுப்பு. ஒப்பந்தத்திலேயே டூல் லிஸ்ட் இருக்கும். கட்டிங் ப்ளையர், சேனல்லாக், ஸ்க்ரூடிரைவர்கள், அங்குல டேப், சின்ன லெவல், கான்ட்யூட் ரீமர் அளவில் தொடங்கலாம். ஆர்வக்கோளாறில் சொந்த டிரில்லைக் கொண்டுபோனால் ஜர்னிமேன் (பயிற்சி முடித்த முழு எலக்ட்ரீஷியன்) அதைத் திருப்பிக் காரில் வைக்கச் சொல்வார், கோபமாக.

நம் ஊரில் வேலை பார்த்துவிட்டு வருகிறவர் முதல் நாளிலேயே மனதில் அழிக்க வேண்டியது கறுப்பு ஒயரை. அங்கே கறுப்பு என்றால் நியூட்ரல் என்று கை பழகியிருக்கும். இங்கே கறுப்புதான் ஃபேஸ். நியூட்ரல் வெள்ளை. 120/208 வோல்ட்டில் மூன்று ஃபேஸுக்குக் கறுப்பு, சிவப்பு, நீலம். 277/480 வோல்ட்டில் பழுப்பு, ஆரஞ்சு, மஞ்சள், நியூட்ரல் சாம்பல். கிரவுண்ட், அதாவது நம் எர்த், பச்சை அல்லது வெற்றுச் செம்பு. ஒயர் அளவும் தலைகீழ்: எண் குறையக் குறையத் தடிமன் கூடும். வழக்கமான செம்பு ஒயரிங்கில் 14ஆம் எண்ணுக்கு 15 ஆம்ப், 12க்கு 20, 10க்கு 30.

அடுத்தது டெஸ்டர். நியான் பல்பு வைத்த ஸ்க்ரூடிரைவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு "கரண்ட் இல்லை" என்று சொல்லும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். இங்கே முறை இப்படி. பிரேக்கரை அணைத்து உங்கள் சொந்தப் பூட்டைப் போட்டு, பெயர் எழுதிய அட்டையை மாட்டி, சாவியைச் சட்டைப்பையில் வைக்கிறீர்கள். பிறகு மீட்டரை எடுத்து, கரண்ட் இருப்பது உறுதியாகத் தெரிந்த ஓரிடத்தில் வைத்துப் பார்க்கிறீர்கள். மீட்டர் வேலை செய்கிறது. வேலை செய்யப்போகும் ஒயரில் வைக்கிறீர்கள், பூஜ்யம். மறுபடியும் அந்த முதல் இடத்தில் வைக்கிறீர்கள். மீட்டர் இன்னும் வேலை செய்கிறது. இந்த மூன்றும் முடிந்த பிறகுதான் கை வைக்கலாம். நடுவில் மீட்டரின் பேட்டரி போயிருந்தால் அந்தப் பூஜ்யம் பொய்யாகிவிடும், அதனால்தான் கடைசிச் சோதனை. இதைச் செய்ய ஒரு நிமிடம்கூட ஆகாது. அவசரப்படுத்துகிற ஃபோர்மேனிடம் முடியாது என்று சொல்ல முதல் வருட அப்ரெண்டிஸுக்கும் உரிமை இருக்கிறது. யூனியன் சைட்டில் அப்படிச் சொன்னால் பின்னால் நிற்க ஸ்டீவர்ட் என்ற யூனியன் பிரதிநிதி ஒருவர் இருப்பார்.

முதல் சில மாதங்கள் பெரும்பாலும் பொருள் தூக்குவது, குப்பை கூட்டுவது, ஓட்டை போடுவது. சலிப்பாக இருக்கும். ஆனால் எந்த ஃபிட்டிங் எதற்கு என்று பெயர் கற்றுக்கொள்வது அந்த மெட்டீரியல் வண்டியைத் தள்ளும்போதுதான்.

குழாய் வளைக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

நல்ல ஒயர்மேனா இல்லையா என்று சைட்டில் அளப்பது அவர் கான்ட்யூட், அதாவது ஒயர் ஓடும் குழாய், போட்ட அழகை வைத்து. நம் வீடுகளில் பி.வி.சி. குழாயைச் சுவருக்குள் புதைத்துப் பூசி மறைத்துவிடுகிறோம். இங்கே வணிகக் கட்டடங்களில் இ.எம்.டி. என்ற மெல்லிய உலோகக் குழாய் கண்ணுக்குத் தெரிய ஓடும். கோணல் இருந்தால் கட்டடம் நிற்கும் வரை கோணல்தான்.

அரை அங்குலக் குழாயில், தரையிலிருந்து 12 அங்குலம் நிமிர்ந்து நிற்கும்படி ஒரு 90 டிகிரி வளைவு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வளைவே 5 அங்குலத்தை எடுத்துக்கொள்ளும். எனவே குழாயின் நுனியிலிருந்து 7 அங்குலத்தில் பென்சில் கோடு. குழாய் வளைக்கும் கருவியான பெண்டரின் அம்புக்குறியைக் கோட்டில் வைத்து, குழாயைத் தரையில் கிடத்தி, கைப்பிடியை இழுப்பதைவிடக் காலால் பெண்டரை அழுத்துவதுதான் வித்தை. கால் அழுத்தம் குறைந்தால் குழாய் நசுங்கும், மடிந்தும் போகும். முக்கால் அங்குலக் குழாய்க்கு 5க்குப் பதில் 6, ஒரு அங்குலத்துக்கு 8.

குறுக்கே ஒரு தடையைத் தாண்ட ஆஃப்செட், அதாவது எதிரெதிராக இரண்டு வளைவு, வளைக்கும்போது 30 டிகிரி கோணத்துக்குப் பெருக்கும் எண் 2. நான்கு அங்குலம் விலக வேண்டுமா, இரண்டு கோடுகளுக்கும் எட்டு அங்குல இடைவெளி. 45 டிகிரி என்றால் 1.4. எங்கிருந்து வந்தது இந்த எண் என்று யோசித்தால் பள்ளியில் படித்த சைன் அட்டவணைதான், தலைகீழாக. அல்ஜீப்ராவும் திரிகோணமிதியும் ஏன் கேட்கிறார்கள் என்பது அப்போது புரியும். இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் மொத்த வளைவு 360 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பது விதி. தாண்டினால் ஒயரை இழுக்க முடியாமல் நாள் முழுக்கத் திண்டாடுவீர்கள். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு வரை டேப்பைப் பார்த்த உடனே படிக்கப் பழகுங்கள். சென்டிமீட்டரில் வளர்ந்த நமக்கு இதுதான் முதல் மாதத்தின் உண்மையான தலைவலி.

ஐந்து வருடம் எப்படி ஓடும்

பகலில் வேலை, வகுப்பு சில ஊர்களில் வாரம் இரண்டு மாலை, சில ஊர்களில் பகலில் முழு நாளாக. படிப்புக்குக் கட்டணம் மிகக் குறைவு அல்லது இல்லை; புத்தகத்துக்குச் செலவு உண்டு. பல இடங்களில் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள்: பயிற்சியை முடித்துவிட்டு யூனியன் அல்லாத கான்ட்ராக்டரிடம் போனால் பயிற்சிச் செலவைத் திருப்பித் தர வேண்டும் என்று. படித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

பாடத்தின் நடுவில் உட்கார்ந்திருப்பது நேஷனல் எலெக்ட்ரிகல் கோடு என்ற மின்வேலை விதிப் புத்தகம். 1897இல் முதலில் வந்தது, இப்போது மூன்று வருடத்துக்கு ஒருமுறை திருத்துகிறார்கள். அதை மனப்பாடம் செய்ய வேண்டாம், எங்கே தேட வேண்டும் என்று தெரிந்தால் போதும். கிரவுண்டிங் பற்றிய 250ஆம் பகுதியில் எல்லோரும் ஒருமுறையாவது அழுதிருப்பார்கள்.

அப்ரெண்டிஸின் சம்பளம் ஜர்னிமேன் சம்பளத்தில் ஒரு குறிப்பிட்ட பங்கு. பொதுவாக 40 அல்லது 50 சதவீதத்தில் தொடங்கி, வேலை மணி நேரமும் வகுப்பும் கூடக் கூட, படிப்படியாக 80 வரை ஏறும். ஜர்னிமேனுக்கு மணிக்கு 50 டாலர் இருக்கும் ஓர் ஊரில் தொடக்கம் 20 அல்லது 25. முதல் இரண்டு வருடம் கை இறுக்கம்தான். வீட்டில் இன்னொரு வருமானம் இருந்தால் நிம்மதி. கார் இல்லாமல் இந்தத் தொழில் நடக்காது. சைட் இன்றைக்குப் பக்கத்தில் இருக்கும், அடுத்த மாதம் ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும். அப்ரெண்டிஸை எந்தக் கான்ட்ராக்டரிடம் அனுப்புவது என்பதைப் பயிற்சிக் குழுவே தீர்மானிக்கும், நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது.

பயிற்சி முடிந்ததும் லைசென்ஸ். நாடு முழுவதற்கும் ஒரே லைசென்ஸ் கிடையாது. வாஷிங்டன், மாசசூசெட்ஸ், டெக்ஸாஸ் போன்ற மாநிலங்கள் மாநில அளவில் தருகின்றன. கலிஃபோர்னியாவில் 8,000 மணி நேரமும் ஒரு தேர்வும் முடித்துச் சான்றிதழ் பெற வேண்டும். நியூயார்க், இல்லினாய் மாநிலங்களில் இது நகராட்சி அளவில் நடக்கிறது.

ஜர்னிமேன் ஆன பிறகு: புக், கால், லே-ஆஃப்

ஜர்னிமேன் வேலை தேடுவது ரெஸ்யூமே அனுப்பி அல்ல. ஹாலுக்கு, அதாவது யூனியன் அலுவலகத்துக்குப் போய்ப் புத்தகத்தில் கையெழுத்திட வேண்டும். அந்த வட்டாரத்துக்காரர்களுக்குப் புக் 1. வெளியூர் லோக்கலிலிருந்து வருகிறவர்களுக்குப் புக் 2. கான்ட்ராக்டர் ஆள் கேட்டால், புக் 1இல் மேலே இருப்பவரிடமிருந்து தொடங்கிக் கூப்பிடுவார்கள். இந்த அழைப்புதான் கால். எத்தனை முறை மறுக்கலாம், எத்தனை நாளுக்கு ஒருமுறை மறுபடி கையெழுத்திட வேண்டும் என்பதெல்லாம் லோக்கலுக்கு லோக்கல் மாறும். அந்த விதிகளைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் மறதியில் வரிசையின் அடிக்குப் போய்விடலாம்.

லே-ஆஃப் பற்றி நம் மக்களுக்கு ஒரு பயம் இருக்கிறது. ஐ.டி. வேலையில் அது இடி விழுந்த மாதிரி. இங்கே அது தொழிலின் ஒரு பகுதி. வேலை முடிகிறது, ஃபோர்மேன் கடைசிச் சம்பளத்தையும் ஒரு சீட்டையும் கையில் தருகிறார், "நல்லா வேலை பார்த்தாய்" என்று கை குலுக்குகிறார். மறுநாள் காலை ஹாலில் கையெழுத்து, வேலையிழப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பம், பிறகு காத்திருப்பு. வேலை நிறைய இருக்கும் காலத்தில் அந்த வாரமே அடுத்த கால் வந்துவிடும். மந்தமான காலத்தில் மாதக்கணக்கில் உட்கார நேரும், 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு பலருக்கு அப்படித்தான் ஆனது. ஆகவே நல்ல வருடத்தில் வரும் ஓவர்டைம் பணத்தை அப்படியே பெரிய வீட்டு மார்ட்கேஜில் கட்டிவிடாதீர்கள். ஆறு மாதச் செலவு கையில் இருக்கட்டும்.

உள்ளூரில் வேலை இல்லையென்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வேறு லோக்கலின் புக் 2இல் கையெழுத்திட்டுப் போகிறவர்கள் ஏராளம். டேட்டா சென்டர்கள் குவிந்திருக்கும் வட வர்ஜீனியாவின் லவுடன் கவுண்டி, சிப் ஆலைகள் எழும் ஃபீனிக்ஸ் போன்ற இடங்களுக்கு நாடு முழுவதிலிருந்தும் வருகிறார்கள். கல்யாணமாகாத வயதில் இது ஒரு நல்ல அனுபவம்.

காசுக் கணக்கு

மணிக்கூலியை மட்டும் பார்த்து ஒப்பிடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. யூனியன் ஒப்பந்தத்தில் செக்கில் வருவது ஒரு பகுதி; அதற்கு மேல் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கான்ட்ராக்டர் மருத்துவக் காப்பீட்டுக்கும் பென்ஷனுக்கும் தனியாகக் கட்டுகிறார். இரண்டும் சேர்ந்ததுதான் பேக்கேஜ். விசாரிக்கும்போது "செக்கில் எவ்வளவு, பேக்கேஜ் எவ்வளவு" என்று இரண்டையும் கேளுங்கள். ஒரு அளவுகோலுக்கு: யூனியன், யூனியன் அல்லாதவர் என்று எல்லா எலக்ட்ரீஷியன்களையும் சேர்த்து, 2024 மே மாதக் கணக்குப்படி நாட்டின் இடைநிலை வருடச் சம்பளம் 62,350 டாலர். பெருநகர லோக்கல்களில் ஜர்னிமேன் செக் இதைத் தாண்டும்.

காப்பீடு பல லோக்கல்களில் மணி நேர வங்கி முறையில் நடக்கிறது. மாதத்துக்கு இத்தனை மணி நேரம் என்று கழித்துக்கொள்வார்கள், மிச்சம் சேமிப்பாகச் சேரும். லே-ஆஃப் ஆன மாதங்களில் அந்தச் சேமிப்பில் குடும்பத்தின் காப்பீடு ஓடும். அதில் எவ்வளவு இருக்கிறது என்று மாதாமாதம் பாருங்கள்.

பென்ஷன் மூன்று நான்கு அடுக்காக வரும். தேசிய அளவில் 1946இல் தொடங்கிய என்.இ.பி.எஃப். என்ற நிதிக்குக் கான்ட்ராக்டர் உங்கள் கூலியில் 3 சதவீதத்துக்குச் சமமான தொகையைத் தன் கையிலிருந்து கட்டுகிறார். அதில் ஒவ்வொரு சேவை வருடத்துக்கும் மாதம் 32 டாலர். 30 வருடம் வேலை பார்த்தவருக்கு மாதம் 960. அதற்கு மேல் உங்கள் லோக்கலின் பென்ஷனும், பல இடங்களில் ஆன்யுட்டி சேமிப்பும் இருக்கும். பெரிய தொகை இந்த உள்ளூர் நிதிகளில்தான்.

செலவுப் பக்கத்தில் மாதச் சந்தா ஒன்று, அதோடு சம்பளத்தில் சில சதவீதம் ஒர்க்கிங் டியூஸ். டெக்ஸாஸ், ஃப்ளோரிடா போன்ற ரைட்-டு-ஒர்க் மாநிலங்களில் சந்தா கட்ட யாரும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் அங்கே யூனியனின் பிடியும் தளர்வு, கூலியும் பொதுவாகக் குறைவு.

நியூயார்க்கில் இருப்பவர்கள் யூனியன் பலத்தை நேரில் பார்க்கலாம். ஃப்ளஷிங் பிள்ளையார் கோயிலிலிருந்து சற்றுத் தெற்கே, ஜூவல் அவென்யூ பக்கம் எலெக்ட்செஸ்டர் என்ற குடியிருப்பு இருக்கிறது. லோக்கல் 3 தன் உறுப்பினர்களுக்காக முன்னின்று கட்டிய கூட்டுறவு வீடுகள், சுமார் 2,500. 1962இல் இதே லோக்கல் வேலைநிறுத்தம் செய்து வாரம் 25 மணி நேர அடிப்படை வேலையை வாங்கியது. அந்தக் காலத் தெம்பு இன்றைக்கு எல்லா லோக்கலிலும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அடிக்கடி கேட்கப்படும் சில

வார இறுதியில் தெரிந்தவர் வீட்டில் ஃபேன் மாட்டிக் கொடுத்துக் காசு வாங்கலாமா? வேண்டாம். யூனியன் விதிக்கு எதிரானது, பல ஊர்களில் லைசென்ஸ் சட்டத்துக்கும் எதிரானது. வீடு தீப்பிடித்தால் காப்பீட்டுக் கம்பெனி உங்கள் பெயரைத்தான் தேடும். நண்பருக்கு எந்த ஒயர் எங்கே போகிறது என்று விளக்கிவிட்டு லைசென்ஸ் உள்ளவரைக் கூப்பிடச் சொல்லுங்கள். "என்னப்பா, இதைக்கூடச் செய்ய மாட்டாயா" என்பார்கள். கேட்டுக்கொள்ளுங்கள்.

மேலாளர் தனியே கூப்பிட்டு விசாரித்தால்? பதில் உங்கள் மேல் நடவடிக்கையில் முடியலாம் என்று தோன்றினால் யூனியன் பிரதிநிதி உடன் இருக்க வேண்டும் என்று கேட்கும் உரிமை உண்டு. 1975இல் உச்ச நீதிமன்றம் வைன்கார்டன் வழக்கில் உறுதி செய்தது. நீங்களாகக் கேட்டால்தான் கிடைக்கும்.

பெண்கள் சேரலாமா? சேரலாம், எண்ணிக்கை இன்னும் குறைவு. முதல் வருடத்தில் உங்களைச் சோதித்துப் பார்க்கும் ஆட்கள் இருப்பார்கள். பெண் உறுப்பினர்களின் குழு லோக்கலில் இருக்கிறதா என்று சேரும்போதே விசாரித்து அவர்களின் எண்ணை வாங்கி வையுங்கள்.

உடம்பு தாங்குமா? முழங்கால், தோள், முதுகு மூன்றும் முதலில் பேசும். முதல் நாளிலிருந்தே முழங்கால் பேடு போடுங்கள், காதுக்குப் பிளக் வையுங்கள். ஐம்பது வயதுக்கு மேல் ஃபோர்மேன், எஸ்டிமேட்டர், இன்ஸ்பெக்டர், பயிற்றுநர் என்று ஏணியிலிருந்து இறங்கும் வழிகள் இருக்கின்றன. அதற்கு வரைபடம் படிப்பதிலும் எலெக்ட்ரிகல் கோடு விதிகளிலும் கெட்டியாக இருக்க வேண்டும், எழுத்து ஆங்கிலமும் வேண்டும்.

இங்கேயே யூனியன் அல்லாத கம்பெனியில் பல வருடம் வேலை பார்த்தவர் முதலிலிருந்து தொடங்க வேண்டுமா? தேவையில்லை. இவர்கள் மட்டும் பயிற்சிக் குழுவுக்குப் பதில் நேராக யூனியன் ஆபீஸுக்குப் போய் ஆர்கனைசரைப் பார்க்க வேண்டும். மணி நேர ஆதாரமும் லைசென்ஸும் இருந்தால் ஒரு தேர்வு வைத்து ஜர்னிமேனாகவே எடுத்துக்கொள்வது உண்டு. சம்பளச் சீட்டுகளையும் வரிப் படிவங்களையும் தூக்கிப் போடாதீர்கள். மணி நேரத்துக்கு அவைதான் சாட்சி.

கனடாவில், குறிப்பாக டொரண்டோவில் இருப்பவர்களுக்கு யூனியன் அதேதான், லோக்கல் 353. பாதைதான் வேறு. ஒன்டாரியோவில் இந்தத் தொழிலின் குறியீடு 309ஏ, பயிற்சி 9,000 மணி நேரம், அதற்குள் மூன்று கட்டமாக வகுப்பு, கடைசியில் சான்றிதழ் தேர்வு. 2022 முதல் இதை நிர்வகிப்பது ஸ்கில்டு டிரேட்ஸ் ஒன்டாரியோ. இலங்கையிலோ இந்தியாவிலோ வளைகுடாவிலோ வேலை பார்த்த அனுபவம் இருந்தால், அவர்களிடம் சமநிலை மதிப்பீட்டுக்கு விண்ணப்பித்து, ஏற்றுக்கொள்ளப்பட்டால் பயிற்சியில் சேராமலே தேர்வை எழுதலாம். பழைய முதலாளிகளிடமிருந்து என்ன வேலை, எத்தனை மணி நேரம் என்று விவரமாக எழுதிய கடிதங்களை ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே வாங்கி வையுங்கள்.